செடியைக் கேளுங்கள், புழுவின் பெயரைச் சொல்லும்

(வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டக்காரர்கள் எனக்குக் கைபேசியில் அனுப்பும் படங்களில் ஒரு புழு திரும்பத் திரும்ப வரும். நந்தியாவட்டைச் செடி. அதில் விரல் நீளத்துக்குக் கொழுத்த பச்சைப் புழு. முன்பக்கத்தில் நீலமாக இரண்டு பெரிய கண்கள். வால்பக்கத்தில் சின்ன மஞ்சள் கொம்பு. படத்துக்குக் கீழே, 'ஐயா, இது என்ன, பாம்புக் குட்டி மாதிரி இருக்கிறதே? கடிக்குமா? என்ன மருந்து அடிக்கலாம்?' என்று கேட்டிருப்பார்கள்.

மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பாம்பில்லை, கடிக்காது, மருந்து வேண்டாம். அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அறிவியலில் டாஃப்னிஸ் நீரியை. 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சிகளில் ஒன்று. அரளியும் நந்தியாவட்டையும் அதன் உணவு. வளர்ந்த பூச்சி பச்சையின் பல சாயல்களோடு இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்து, பார்க்க மிக அழகாக இருக்கும். அந்தி சாய்ந்ததும் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். பறப்பதில் பெரிய சூரன். ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் இருப்பவை கோடையில் வடக்கே ஐரோப்பா வரை போய்விடுகின்றன.

அந்த நீலக் கண்கள் கண்களே அல்ல. தோலில் இருக்கும் பொட்டுகள். உண்மையான கண்கள் தலையின் இரு புறமும் பக்கத்துக்கு ஆறாக, ஊசிமுனை அளவில் இருக்கின்றன. வெளிச்சம் எது, நிழல் எது என்று அறிவதற்கு மேல் அவற்றால் அதிகம் முடியாது. புழுவைச் சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னுடல் உப்பும். பொட்டுகள் இரண்டும் விரிந்து, கொத்த வந்த குருவிக்கு ஏதோ பெரிய பிராணி முறைப்பதாகத் தோன்றும். குருவியை மிரட்ட ஏற்பட்ட வித்தை அது. நம்மில் பலரும் அதற்கு மிரண்டுவிடுகிறோம்.

இதே புழு முட்டையிலிருந்து வந்த புதிதில் வெளிர் மஞ்சளாக, உடம்புக்குப் பொருந்தாத நீளமான மெல்லிய கறுப்புக் கொம்போடு இருக்கும். வளர்ந்த பிறகு பச்சை. கூடு கட்டும் நேரம் நெருங்கும்போது பழுப்பேறிக் கறுத்து, செடியைவிட்டு இறங்கித் தரையில் ஓடும். மூன்று நிலையிலும் படமெடுத்துக் காட்டினால் மூன்று வகைப் புழு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆகவே என் முதல் வேண்டுகோள்: நிறத்தை வைத்துத் தொடங்காதீர்கள்.

எதை வைத்துத் தொடங்குவது? நான் நாலு கேள்விகளைச் சொல்லித் தருகிறேன். அந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்தச் செடியில் இருந்தது?

பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் கண்டதைத் தின்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி, அல்லது ஒரு குடும்பத்துச் செடிகள். முட்டையிட வரும் தாய்ப்பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்கால்களால் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. சரியான இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். தாய் அவ்வளவு கறாராக இருப்பதால் நம் வேலை எளிதாகிறது. செடியின் பெயர் தெரிந்தாலே நூற்றுக்கணக்கான புழுக்களை ஒதுக்கிவிட்டு நாலைந்தில் வந்து நிற்கலாம்.

நம் வீட்டுச் செடிகளையே பார்ப்போம். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை: இவற்றில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வரும். இளம்பருவத்தில் இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் கிடப்பதுபோலக் கிடக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகிவிடும். அப்போது தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் கவட்டை வடிவத்தில் ஒன்று நீளும். புளித்த நெடி வீசும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்டத்தான் அது. நம்மை ஒன்றும் செய்யாது.

எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு பளிச்சென்று ஒரு புழு இருந்தால் அது பெரும்பாலும் வெந்தய வரியன். ஒளிந்துகொள்ள அது முயல்வதே இல்லை. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. தின்றுவிட்டு வாந்தியெடுத்த பறவை மறுபடி அந்தப் பட்டைகளின் பக்கம் போகாது. அரளியில் இதேபோல் உடம்பில் கறுப்பு இழைகள் நீட்டிய புழு வந்தால் அது வெண்புள்ளிக் கருப்பன். இங்கே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடி இழைகள், வெண்புள்ளிக் கருப்பனுக்கு நான்கு ஜோடி. அமெரிக்காவின் புகழ்பெற்ற மோனார்க் புழுவுக்கு இரண்டே ஜோடி. நம் ஊர் எருக்கில் எடுத்த படத்தைப் பார்த்து ஒரு செயலி 'மோனார்க்' என்று சொன்னால், இழைகளை எண்ணிப் பாருங்கள், சண்டை தீர்ந்துவிடும்.

ஆடுதின்னாப்பாளைக் கொடியில் சதைமுட்களோடு கருஞ்சிவப்பான புழு வந்தால் அது ரோஸ் இன வண்ணத்துப்பூச்சி. சரக்கொன்றையிலும் தகரையிலும் பச்சைப் புழு வந்தால் மஞ்சள் வெளிர் வண்ணத்துப்பூச்சிகள். தெருவோர நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் முன்புறம் பருத்து வால்புறம் ஒடுங்கிய புழுவும் வண்ணத்துப்பூச்சியினுடையதுதான். எல்லா வண்ணத்துப்பூச்சியும் தோட்டத்துக்கு நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். மாதுளைப் பிஞ்சைத் துளைத்து உள்ளே உட்கார்ந்து விதையைத் தின்னும் காய்த்துளைப்பானும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுதான். அழகு ஒரு கணக்கு, சேதம் வேறொரு கணக்கு.

செடிக் கேள்வி கைவிடும் இடங்களும் உண்டு. விவசாயிகள் புரோடீனியா என்று சொல்லும் வெட்டுப்புழு ஆமணக்கு, நிலக்கடலை, புகையிலை, முட்டைக்கோஸ் என்று எதிலும் கைவைக்கும். பச்சைக் காய்ப்புழுவும் அப்படித்தான்: தக்காளி, துவரை, பருத்தி, கடலை எல்லாம் அதற்கு ஒன்று. கூடு கட்ட இடம் தேடி இறங்கிவிட்ட புழுவைச் சுவரிலோ படிக்கட்டிலோ பார்த்தாலும் செடி தெரியாது. அப்போது இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை கால்கள்?

சிரிக்காதீர்கள். மிகவும் பயனுள்ள கேள்வி இது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டின் புழுக்களுக்கும் மார்பில் மூன்று ஜோடிக் கால்கள். அவை கூரான, மூட்டுள்ள, உண்மையான கால்கள். அவற்றுக்குப் பின்னால் வயிற்றில் தடித்த, சதைப்பற்றான போலிக்கால்கள். அதிகபட்சம் ஐந்து ஜோடி. அடிப்பாகத்தில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருக்கும். காற்றில் கிளை ஆடினாலும் புழு விழாமல் பிடித்துக்கொள்வது அவற்றால்தான்.

போலிக்கால்கள் குறைந்தால் நடையே மாறிவிடும். பின்னால் இரண்டு ஜோடி மட்டும் உள்ள புழு, உடம்பை வளைத்துச் சாண் போட்டபடி நகரும். ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கும் புழுவுக்கு நம் விவசாயிகள் காவடிப்புழு என்று பெயர் வைத்ததும் அந்த வளைவைப் பார்த்துத்தான். நடையைப் பார்த்தே குடும்பத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

போலிக்கால்கள் கூடினால்? கடுகு, முள்ளங்கி இலைகளில் கறுப்பாக ஒரு புழு வரும். அதை எண்ணினால் போலிக்கால்கள் எட்டு ஜோடி இருக்கும். அது வண்ணத்துப்பூச்சியும் இல்லை, அந்துப்பூச்சியும் இல்லை. குளவிக்கு உறவான ஒரு பூச்சியின் பிள்ளை. போலிக்காலே இல்லாமல் மூன்று ஜோடிக் கால்களோடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் வண்டினத்தின் புழு.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. கடைகளில் பி.டி. என்று ஒரு நுண்ணுயிர் மருந்து விற்கிறார்கள்: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். அதில் குர்ஸ்டாக்கி என்ற வகை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில் மட்டும் வேலை செய்யும். முள்ளங்கியின் கறுப்புப் புழுமேல் அதை எத்தனை முறை தெளித்தாலும் பயனில்லை. கால்களை எண்ணாதவர் மருந்தையும் பணத்தையும் வீணாக்கிவிட்டு, மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அதே மருந்தைக் கறிவேப்பிலையில் அடித்தால் எலுமிச்சை அழகியும் செத்துப்போகும். பூச்சி எதுவென்று மருந்து ஓரளவுதான் பார்க்கும். மீதியை நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: தொடலாமா?

வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பயமுறுத்தும் தோற்றத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் தொடர்பு குறைவு. பருந்து அந்துப்பூச்சிப் புழுவின் கொம்பு கொட்டாது. வெந்தய வரியனின் இழைகள் மென்மையானவை. கொடித்தோடை இனக் கொடிகளில் செம்பழுப்பு நிறத்தில் கிளைமுட்களோடு ஒரு புழு வரும். பார்த்தால் கைவைக்கவே தோன்றாது. அந்த முட்கள் நம்மைக் கொட்டுவதில்லை.

இனி ஆபத்தானதைச் சொல்கிறேன். தென்னை, மா, வாழை இலைகளின் அடியில் நத்தைபோல் ஒட்டிக்கொண்டு நகரும் குட்டையான பச்சைப் புழு ஒன்று உண்டு. முதுகில் நீலக் கோடு, ஓரங்களில் முள் கொத்துகள். பார்க்க நகைக்கடைப் பொருளாகத் தெரியும். கைபட்டால் நெருப்புப் பட்டதுபோல் எரியும். அந்த முட்களில் நஞ்சு இருக்கிறது. அதேபோல், முருங்கை மரத்தில் மழைக்குப் பின் கூட்டங்கூட்டமாக அடிமரத்தை அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி. பகலில் தண்டில் படுத்திருந்து இரவில் மேலே போய் இலையை மொட்டையடிக்கும். அதன் மயிர் உடம்பில் பட்டால் தடித்து அரிக்கும். மயிர் காற்றில் பறந்தும் வரும். செத்த புழுவின் மயிரும் அரிக்கும். ஆகவே துடைப்பத்தால் அடித்து நசுக்கக் கூடாது. பகலில் கூட்டமாக இருக்கும்போதே நீண்ட கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் நிறைந்த வாளியில் வழித்துத் தள்ளிவிடுங்கள்.

மயிர் பட்டுவிட்டால் முதலில் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே ஏறும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். என்ன வகையென்று தெரியாத வரை மயிருள்ள எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான்காவது கேள்வி: கடைசியில் என்னவாகிறது?

புழுவை உறுதியாக அடையாளம் காண நம் கையில் உள்ள நல்ல வழி அதை வளர்த்துப் பார்ப்பது. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் ஒரே செடியில் ஒரே மாதிரிப் பச்சையாக இருக்கும்போது, புதியவர்களுக்குச் சந்தேகம் தீர்வது சிறகு விரிந்த பிறகுதான்.

இந்த வழியை உலகுக்குப் படம் வரைந்து காட்டியவர் மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மானியப் பெண். 1647-இல் பிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அவர் சிறுமியாக இருந்தபோதே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பிறகு கிடைத்த புழுக்களையெல்லாம் வீட்டில் வைத்து வளர்த்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1679-இல் அவருடைய கம்பளிப்புழு நூலின் முதல் தொகுதி வந்தது. 1699-இல் மகளோடு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குப் போய், 1705-இல் அந்நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். நான் உங்களுக்குச் சொன்ன முதல் கேள்வியும் நாலாவது கேள்வியும் அந்த அம்மையாரின் படங்களிலேயே இருக்கின்றன.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு பூச்சியியல் வளர்ந்தது. பூச்சியியலாளர் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914-இல் சென்னையில் அச்சானது. டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்கு ஒரு கையேடு எழுதினார். பயிர்வாரியாக எந்தப் புழு வரும் என்று தேடும் பழக்கத்துக்கு இப்படிப்பட்ட நூல்கள் வழிவகுத்தன.

நீங்கள் வளர்க்க ஆய்வகம் வேண்டாம். வாயகன்ற டப்பா, மேலே மெல்லிய துணி, ஒரு ரப்பர் பேண்ட். புழு எந்தச் செடியில் இருந்ததோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம். அதில் மருந்து இருக்கலாம். எச்சத்தை அன்றன்றே அகற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை. ஈரம் இலையிலேயே கிடைத்துவிடும். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அடியில் கொஞ்சம் மண்ணும் சருகும் போடுங்கள். கூடு வைக்கும் விதமும் ஓர் அடையாளம். எலுமிச்சை அழகி இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து நிற்கும். வெந்தய வரியன் வாலால் தலைகீழாகத் தொங்கும். பருந்து அந்துப்பூச்சி சருகுக்குள் போய்விடும்.

சில சமயம் நீங்கள் எதிர்பார்த்தது வராது. புழுவின் முதுகில் அரிசிமணி அளவில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். புழு முட்டையிட்டிருக்கிறது என்று நினைத்து அதை நசுக்குபவர்கள் பலர். புழு முட்டையிடாது. அவை ஒரு சிறு குளவியின் கூடுகள். அந்தக் குளவி முன்பே புழுவின் உடலுக்குள் முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டியிருக்கின்றன. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. புழு குளவியாவதில்லை, குளவிப் பிள்ளைக்கு இரையாகிறது. மண்கூடு கட்டும் குளவி புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே அடைப்பதும் இதற்காகத்தான். அந்த வெள்ளைக் கூடுகள் தோட்டத்தில் இருந்தால் அப்படியே விடுங்கள். உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள் அதிலிருந்து வருவார்கள்.

அடையாளம் காண்பதெல்லாம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று யாராவது நினைத்தால், மக்காச்சோள விவசாயிகளைக் கேட்கச் சொல்லுவேன். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018-இல் இந்தியாவில், முதலில் கர்நாடகத்தில். அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நம் பழைய புரோடீனியாவுக்கு அண்ணன் தம்பி. ஆனால் அதன் தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவில் வெளிறிய கோடு இருக்கும். வாலுக்குச் சற்று முன்னால், சதுரத்தின் நாலு மூலையிலும் வைத்ததுபோல் நாலு கறும்புள்ளிகள் இருக்கும். இந்த இரண்டு குறிகளைச் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் போட்டு ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது. குருத்துக்குள் போவதற்கு முன் கண்டுபிடித்தவருக்கு வழி இருந்தது. குருத்துக்குள் நுழைந்தபின் மருந்து போய்ச் சேருவதே கடினம்.

கைபேசியில் படமெடுத்துக் கேட்கும் வசதி வந்திருப்பது நல்லதே. ஆனால் மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தால் அதில் கால் தெரியாது, முகம் தெரியாது, செடியும் தெரியாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையை நெருக்கமாக ஒன்று, செடியின் இலையோடு பூவோ காயோ தெரிய ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் புரியும். தேதியையும் ஊரையும் எழுதி வையுங்கள். செயலி சொல்லும் பெயரைத் தீர்ப்பாக எடுக்காமல், துப்பாக எடுத்துக்கொண்டு, நாலு கேள்விகளில் சோதியுங்கள்.

கடைசியாக, என்ன செய்வது என்ற முடிவு. அரளி, நந்தியாவட்டை, எருக்கு, கொன்றை போன்ற அழகுச் செடிகளில் உள்ள புழுவை விட்டுவிடுங்கள். செடி மறுபடி தழைக்கும். கறிவேப்பிலைக் கன்று சின்னதாக இருந்தால் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள், கொல்ல வேண்டாம். தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸில் காயையும் குருத்தையும் தின்னும் புழுவைக் கையால் பொறுக்கி அகற்றுங்கள். அளவு மீறினால் மட்டும், புழு எதுவென்று தெரிந்த பிறகு மருந்தை யோசியுங்கள். கொட்டும் புழுவைப் பிள்ளைகள் புழங்கும் இடத்திலிருந்து பாதுகாப்பாக அகற்றுங்கள்.

2019-இல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். சிறகடிக்கும் பூச்சிக்குப் பட்டம் கொடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பருவத்தைப் பார்த்த இடத்தில் மருந்தடித்துக் கொண்டிருந்தால் அந்தப் பட்டத்துக்குப் பொருளில்லை. ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை தெரியாத புழு ஒன்றைப் பார்த்தால், மருந்துப் புட்டியைத் தேடும் முன் அது எந்தச் செடியில் இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், கால்களை எண்ணுங்கள், ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மருந்து அடிப்பதென்றால் மறுநாளும் அடிக்கலாம்.